ஐந்தாவது கியர் போன இடம்

வடகரப்பதி ரத்தினசாமியின் சிவப்பு வண்டியிலிருந்து ஐந்தாவது கியர் காணாமல் போனது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்த வாரம் தேங்காய் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, தக்காளி ஏறியிருந்தது. அதே காலையில் அவருடைய ஒரே மகள் ஜீவிதா, வண்டிப்பெரியாரில் சிஜு என்ற ஜீப் டிரைவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இரண்டு சேதியும் ஒரே நாளில் வந்ததால் எதற்கு முதலில் கோபப்படுவது என்று தெரியாமல் ரத்தினசாமி சாயங்காலம்வரை தென்னந்தோப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஆடியில் எவனாவது கல்யாணம் பண்ணுவானா என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. மாப்பிள்ளை கிறிஸ்தவப் பையன், மலைக்காரன், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவன் என்பதெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வண்டி ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, ஆறு கியர், ஆறும் கையால் போட வேண்டியவை. கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ எத்தனை பேரைத் திணிக்கலாம் என்று பார்த்துக் கார் வாங்குகிற ஊரில் இரண்டு சீட்டுக் காரை வாங்கிய மனிதரை உறவுக்காரர்கள் சும்மா விடவில்லை. மற்றவர்கள் டிக்கியில் வருவதா, பேனட்டில் வருவதா என்று வருடக்கணக்கில் கேட்டுச் சிரித்தார்கள். அப்புறம் உலகம் மாறியது. கம்பெனிகள் கையால் போடும் கியரை விட்டுவிட்டுப் பட்டன் கியருக்குப் போயின, ரத்தினசாமியின் வண்டி அரும்பொருள் ஆகிவிட்டது. கோயமுத்தூர் மில்காரர் பூபதிராஜா, கைக்கியர் வண்டிகளை மட்டும் வாங்கிக் கண்ணாடிக் கொட்டகையில் சேர்த்து வைக்கிறவர், மாதம் தவறாமல் வந்து மோர் குடித்துவிட்டு வண்டியைக் கேட்டார். ஜீவிதாவைப் பெண் கேட்டு வந்தவர்களைவிட வண்டியைக் கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். இரு தரப்புக்கும் ரத்தினசாமி ஒரே பதிலைத்தான் சொன்னார்: இப்போது வேண்டாம், பார்க்கலாம்.

அந்த ஐந்தாவது கியர் ஆரம்பத்திலிருந்தே ஜீவிதாவுடையது. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இடது சீட்டில் உட்கார்ந்து வருவாள். கொழிஞ்சாம்பாறை ரோடு நேராக விரியும் இடத்தில் அவர் கிளட்சை மிதித்துவிட்டு, "போடு கண்ணு" என்பார். அவள் சின்னக் கையை நீட்டித் தள்ளுவாள், வண்டி ஒரு பெருமூச்சு விட்டுப் பறக்கும். வண்டிப்பெரியாரில் கூட்டுறவு வங்கி வேலை கிடைத்து அவள் போன பிறகும், ஐந்தாவதைப் போடுவதற்கு முன்னால் இடது பக்கம் ஒரு தடவை பார்க்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

கியர் போன விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கியர் கம்பியை மேலே தள்ளினால் வாசல் இருந்த இடத்தில் சுவர் எழுப்பியது மாதிரி நின்றது. கம்பியின் குமிழில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று மட்டும் இருந்தது. ஐந்தைச் சுரண்டி எடுத்த தடமும் இல்லை. மெக்கானிக் பொங்கியண்ணன் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தார். ஐந்தாவதின் பல்சக்கரம் இல்லை, அது இருந்ததற்கான இடமும் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தியிருக்கவில்லை. களவு போன மாதிரித் தெரியவில்லை, சொல்லிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது என்றார் அவர். பூபதிராஜா பதறிப்போய் ஜப்பானிலிருந்து புதுச் சக்கரம் வரவழைத்துக் கொடுத்தார். பொருத்திய வாரத்திலேயே அது எண்ணெயில் வெல்லம்போலக் கரைந்துவிட்டது. ஒரு கியர் குறைந்த வண்டியைக் கொட்டகையில் வைத்தால் ஆட்கள் சிரிப்பார்கள், கிடைத்தால் சொல்லுங்கள் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு மில்காரர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

ரத்தினசாமிக்கு இரண்டு பக்கமும் அடி. மகள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது, இந்த வீட்டுப் பொருள் ஒரு நூல்கூட அந்த மலைக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவர் மனைவி கமலாத்தாள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று மகளோடும், மகளின் மாமியார் செபமாலையம்மாளோடும் தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இப்படியே ஒரு வருடம் ஓடியது. ரத்தினசாமி நான்கிலிருந்து ஆறுக்குத் தாவி ஓட்டிப் பார்த்தார். வண்டி ஒவ்வொரு தடவையும் விக்கல் எடுத்தது. சாயங்காலங்களில் நிறுத்தி வைத்த வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். ஆள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்துப் பொறுக்காமல் கமலாத்தாள் ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள்.

"ஏனுங்க, மாப்பிள்ளையோட ஜீப்பு நாலு கியர் ஜீப்புங்களாமா. நம்ம புள்ள ஏறி உக்கோந்த அன்னைக்கு அஞ்சாவதா ஒண்ணு வந்துருச்சாமுங்க."

ரத்தினசாமி பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார். மறுநாள் விடிந்ததும் பொங்கியண்ணனிடம் ஸ்பேனர் மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, கமலாத்தாளை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். மகளைப் பார்க்கப் போகவில்லை, பொருளை மீட்கத்தான் போகிறோம் என்பதைப் பொள்ளாச்சியில் ஒரு தடவையும் பழனியில் ஒரு தடவையும் வத்தலக்குண்டில் டீ குடிக்கும்போது ஒரு தடவையும் மனைவியிடம் தெளிவுபடுத்தினார். கமலாத்தாள் தலையை ஆட்டினாள். அவள் மடியில் இருந்த பையில் பட்டுச்சேலையும் மஞ்சள் கிழங்கும் பலகாரமும் இருந்தன. தேனி, கம்பம் தாண்டிக் குமுளி மலையேறி அவர்கள் வண்டிப்பெரியாரில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. தேயிலைக்கு நடுவே வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளில் நாலாவது, சிஜுவின் அப்பா மரியஜோசப்புடையது. கமலாத்தாளும் செபமாலையம்மாளும் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல நடித்தார்கள். இருவருக்கும் நடிப்பு வரவில்லை.

மரியஜோசப் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சம்பந்தி உட்காருங்கள், காப்பி சாப்பிடுங்கள் என்று வாய் நிறையச் சொன்னார். ரத்தினசாமி உட்காரவில்லை.

"சம்பந்தம் பேச வரலீங்க. எங்க கியரக் கேட்டு வாங்கிட்டுப் போலாம்னு வந்தோமுங்க."

மரியஜோசப்புக்குக் கோபம் வரவில்லை, அந்த வீட்டில் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் கோபம் வராது. "தாராளமா எடுத்துக்கிடுங்க. நாங்க கேட்டு வாங்கல, அதுவா வந்துச்சு. பிள்ளைய மட்டும் திருப்பிக் கேட்டுறாதீங்க, அத நாங்க குடுக்க மாட்டோம்" என்றார்.

வாசலில் ஜீவிதா நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது. சிஜு ஜீப் சாவியைக் கொண்டுவந்து மாமனார் கையில் வைத்தான். கழற்றுவதற்கு முன்னால் உங்கள் கியர்தானா என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்று மரியஜோசப்தான் சொன்னார். நியாயமான பேச்சாக இருந்ததால் ரத்தினசாமி ஏறி உட்கார்ந்தார். அடையாளம் காட்ட ஆள் வேண்டுமே என்று யாரோ சொன்னார்கள். ஜீவிதா இடது பக்கம் ஏறினாள். சிஜு பின்னால் தொற்றிக்கொண்டான்.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் கல் ரோட்டில் ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஏற்றம் முடிந்து பாதை சமமான இடத்தில் ரத்தினசாமியின் கால் தானாகக் கிளட்சை மிதித்தது. கை ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. ஜீப் வேகம் குறைந்துகொண்டே வந்தது, மிதித்த கால் மிதித்தபடி இருந்தது. ஜீவிதா தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளும் அவர் மகள்தானே, சொல்லாமல் நீட்ட மாட்டாள். தேயிலைக்குள்ளிருந்து கொழுந்து கிள்ளுகிற பெண்கள் நிமிர்ந்து, இந்தப் புது டிரைவர் நட்ட நடு ரோட்டில் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். ஜீப் நிற்கப் போகிற கடைசி நொடியில் ரத்தினசாமி தொண்டையைச் செருமினார்.

"போடு கண்ணு."

அவள் போட்டாள். ஜீப் ஒரு பெருமூச்சு விட்டது. அது அவர் வண்டியின் பெருமூச்சேதான். அதற்குப் பிறகு வந்த செங்குத்தான ஏற்றத்தையும் அது ஐந்தாவதிலேயே ஏறியது. ஐந்தாவதில் எந்த ஜீப்பும் ஏற்றம் ஏறாது என்பது ரத்தினசாமிக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் அழுதுகொண்டிருந்ததால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பேனர் மூட்டை பிரிக்கப்படவே இல்லை. மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்று ரத்தினசாமி ஜீப்பிலிருந்து இறங்கியதும் சொல்லிவிட்டதால் செபமாலையம்மாள் கோழி அடித்தாள். மூன்று நாள் இருந்து, மருமகனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, மகளுக்குப் பட்டுச்சேலையை அவர் கையாலேயே கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள். இறங்கும் வழியெல்லாம் வண்டி நான்கிலிருந்து ஆறுக்குத் தாவியது. ஒரு தடவைகூட விக்கவில்லை.

தை பிறந்து, சேதி எதுவும் தெரியாத பூபதிராஜா கோயமுத்தூரிலிருந்து மறுபடியும் வந்தார். மோர் குடித்தார். வண்டிக்குள் உட்கார்ந்து குமிழைத் தடவி, ஐந்து இல்லாத இடத்தைப் பார்த்து, அஞ்சாவது கிடைத்ததா, என்னதான் ஆயிற்று என்று கேட்டார்.

"கட்டிக் குடுத்தாச்சுங்க" என்றார் ரத்தினசாமி.

மில்காரரும் பெண்ணைப் பெற்றவர்தான். குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"வண்டிப்பெரியாருங்க."

"நல்ல எடந்தானுங்களா?"

"நல்ல எடமுங்க" என்றார் ரத்தினசாமி.