துண்டோடு சேர்த்த எடை

காய்கறிக் கடைக்காரிக்கு எதையும் நிறுத்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். ஆனால் அவளுடைய பால் பிள்ளைக்குப் போதுகிறதா என்பதை மட்டும் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் வாயாலேயே நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வாரக் குழந்தை அழுதால் பசி. தூங்கினால் பசி மயக்கம். கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கணவனின் அக்கா பால்பவுடர் டின்னோடு வந்து இறங்கினாள்.

"உனக்குப் பால் பத்தல. வீம்பு பண்ணாம இன்னைக்கே இதை ஆரம்பிச்சிடு."

"பத்துதா இல்லையான்னு இப்பவே பாத்துடுவோம் அண்ணி. குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எடை, குடிச்சப்புறம் ஒரு எடை. ஏறலன்னா டின்னை நானே பிரிக்கிறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். கடைத் தராசைத் துடைத்து, துண்டில் சுற்றிய பிள்ளையைக் கிடத்தினாள். ஐந்து கிலோ இருநூறு. பிறகு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அந்தப் பெரிய மனிதர் மடக் மடக்கென்று குடித்தார், நடுவில் துண்டை நனைத்தார், கடைசியில் வாயோரம் பால் வழியக் கண் சொருகினார்.

அண்ணி ஈரத் துண்டை உருவிப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தராசில் வைத்தாள். ஐந்து கிலோ நூற்று முப்பது.

"ஐயையோ! ஏறலன்னாகூடப் பரவால்ல, குறைஞ்சில்ல போச்சு!"

கடைக்காரியின் கை டின் பக்கம் போயேவிட்டது. அப்போதுதான் வியாபாரப் புத்தி விழித்துக்கொண்டது.

"அண்ணி! மூட்டைய சாக்கோட நிறுத்துட்டு, இப்ப சாக்கில்லாம நிறுத்தா எப்படி? அந்த ஈரமும் பிள்ளை வயித்துல இருந்து வந்ததுதானே!"

பாய்ந்து போய் ஈரத் துண்டை எடுத்துப் பிள்ளையின் காலடியில் வைத்தாள். ஐந்து கிலோ இருநூற்றுத் தொண்ணூறு.

"தொண்ணூறு கிராம்! ஒரே வேளைல!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

அண்ணி மட்டும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் பொண்ணுக்கு ரெண்டே மாசத்துல தாய்ப்பாலை விட்டுட்டேன். பத்தலன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன்." டின்னை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்: "எனக்கும் இருந்திருக்கும், இல்ல?"

"நெறையவே இருந்திருக்கும் அண்ணி," என்று சொல்லி, கடைக்காரி பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.