பத்து மடங்கு

பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் மணிமேகலையின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. இரண்டு நாளைக்கு முன் அவள் புருஷன் சென்றாயனுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை அது.

அவருக்கு மல்டிபிள் மைலோமா வந்து இரண்டு வருடம். எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் புற்றுநோய். முதுகுவலி என்று படுத்த மனிதரை ஊசியும் மாத்திரையும் தேற்றி எடுத்ததில், இப்போது மண்டியில் சுமைக்காரர்களை வம்புக்கு இழுக்கும் அளவுக்கு வந்திருந்தார்.

மாதாமாதம் வரும் ரிப்போர்ட்டில் மணிமேகலை முதலில் தேடுவது கப்பா என்ற வரியைத்தான். சேலத்து டாக்டர் வெண்மதி ஆரம்பத்திலேயே விளக்கியிருந்தார்: "கப்பா, லாம்டான்னு ரெண்டு புரதம் எல்லார் ரத்தத்துலயும் கொஞ்சம் இருக்கும்மா. உங்க வீட்டுக்காரருக்கு நோய் திரும்புச்சுன்னா கப்பா மட்டும் ஏறும்."

போன மாதம் கப்பா 1.8. இன்றைக்கு 18.

போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"என்னா புள்ள, மூஞ்சி அவிஞ்ச தக்காளியாட்டம் ஆயிப்போச்சு?" என்றார் சென்றாயன்.

"வெயிலுங்க."

"பொழுதே இன்னும் ஏறல. அதுக்குள்ள என்னா வெயிலு?"

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியைத் தூக்கப் போனார். 'பாரம் தூக்காதீங்க' என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தாள். வார்டில் இருக்கிறார், பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்றாள் நர்ஸ். மணி ஏழரைதான். பத்து வரைக்கும் எப்படித் தாங்குவது என்று, போனில் இருந்த பழைய ரிப்போர்ட்டைத் திறந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அப்போதுதான் லாம்டா கண்ணில் பட்டது. போன மாதம் 1.2. இப்போது 12. அதுவும் சொல்லிவைத்தாற்போல் பத்து மடங்கு. கப்பா மட்டும்தானே ஏறும் என்றார் டாக்டர்? இரண்டுக்கும் உள்ள விகிதமோ அன்றும் இன்றும் ஒன்றரைதான். பக்கத்தில் அச்சடித்திருந்த சரியான அளவுகளைப் பார்த்தாள். அவையும் பத்து மடங்காகியிருந்தன.

எழுத்துகளைப் பெரிதாக்கினாள். பழையதில் ஒரு டெசிலிட்டருக்கு இவ்வளவு என்று இருந்தது. புதியதில் ஒரு லிட்டருக்கு.

வழக்கமான லேபில் மிஷின் பழுது என்று இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு லேபில் கொடுத்திருந்தார்கள். மணிமேகலை அங்கே போன் போட்டாள். ரத்தம் எடுத்த பெண் பூவிழிதான் பேசினாள்.

"ஆமாங்க்கா, நாங்க லிட்டர் கணக்குல குடுப்போம். பத்து டெசிலிட்டர் சேந்தாதான ஒரு லிட்டரு? அளவு ஒண்ணுதாங்க்கா."

மணிமேகலைக்குக் கண் கலங்கியது. கூடவே சிரிப்பும் வந்தது. சென்றாயன் ஓடி வந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத்தன நேரம் தனியா வெச்சிட்டு உக்காந்திருந்தியா? எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றார் மெதுவாக.

"சொன்னா நீங்க பெட்டியப் போட்டு ஒடைச்சிருப்பீங்க."

ரிப்போர்ட்டையும் தான் கண்டுபிடித்ததையும் டாக்டர் போனுக்கு அனுப்பிவைத்தாள். பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். "நீங்க பாத்தது சரிம்மா. விகிதம் நல்லா இருக்கு. இந்த நோய் இருந்தா ரத்தத்துல வர்ற 'எம்'ங்கிற புரதம் இந்தத் தடவையும் இல்ல. கிரியாட்டினின், கால்சியம், ஹீமோகுளோபின் எல்லாமே நல்லாருக்கு. ஆனா இனிமே ஒரே லேப்லயே எடுங்க, அப்பதான் ஒப்பிட்டுப் பாக்க முடியும். மாசாமாசம் வேண்டாம், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எடுத்தாப் போதும்."

"பாரம் தூக்கலாமான்னு கேளு," என்றார் சென்றாயன்.

"கூடாதுன்னு சொல்றாங்க," என்றாள் மணிமேகலை, கேட்காமலே.

கடையில் ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். சென்றாயனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்தார்: "இதே தக்காளியப் பெட்டியில எண்ணுனா ஒரு கணக்கு, கிலோவுல போட்டா ஒரு கணக்கு. அதுக்காகத் தக்காளி கூடிருமாங்க?" மாரண்டஹள்ளி வருவதற்குள், ஒரு லிட்டருக்கு எத்தனை டெசிலிட்டர் என்று பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்துபோயிருந்தது. கண்டுபிடித்தது தன் பொண்டாட்டி என்பதும்தான்.