முந்திக்கொண்டு விழுந்த கரடிகள்

இன்றைக்கும் டெஸ்ஸின் அப்பா கோல் போடாவிட்டால் காலையில் அணியிலிருந்து கழற்றிவிடுவார்கள். மேனேஜர் நேரிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் இன்னொரு ஊர், இன்னொரு பள்ளிக்கூடம், மறுபடியும் தனியாகச் சாப்பாடு. கனடாவில் அப்பா லைல் மார்ட்டின்யுக் ஐஸ் ஹாக்கி ஆடாத சின்ன ஊர் குறைவு. பெட்டியோடு பெட்டியாக டெஸ்ஸும் எல்லா ஊருக்கும் போயிருந்தாள். இந்த ஹார்ட்வெல்லில்தான் முதல்முறையாக ஒரு தோழி கிடைத்திருந்தாள், கேலா.

அன்று கரடி ஆட்டம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருவது. உள்ளூர் அணி முதல் கோல் போட்டதும் அரங்கமே கரடி பொம்மைகளை ஐஸில் வீசும். அள்ளி ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள்.

டெஸ்ஸின் அப்பாதான் அந்தக் கோலைப் போடுவார் என்று கேலா சொன்னாள். பின்வரிசை டோரீன் ஆன்ட்டி சும்மா இருப்பாளா?

"அவன் அடிக்கிறதுக்குள்ள இந்தக் கரடிக்கே நரைச்சிடும்."

மூன்று பகுதி ஆட்டத்தின் நடுப்பகுதியில் லைல் அடித்த ரப்பர் வட்டு வலைக் கம்பத்தில் டங்கென்று மோதித் திரும்பியது. எவனோ அவசரப்பட்டு ஒரு கரடியை வீசினான். அவ்வளவுதான். கோல் இல்லை என்று நடுவர் கையை விரித்ததை யார் பார்த்தார்கள்? ஐஸ் முழுக்கக் கரடி. பொறுக்கி முடிக்கும்வரை ஆட்டக்காரர்கள் சிரித்தபடி நின்றார்கள். அப்பாவும் சிரித்தார். பெட்டி கட்டும்போதும் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

"முடிஞ்சுதுடி கேலா. ஊரை விட்டே போயிடுவோம்."

"வாய மூடு. இன்னும் ஆட்டம் இருக்கு."

கடைசிப் பகுதியில் வலைக்கு முன்னால் லைல் குப்புற விழுந்து கிடந்தார். யாரோ அடித்த வட்டு அவர் பின்பக்கத்தில் பட்டு, சோம்பேறித்தனமாக உருண்டு, கோல் கோட்டைத் தாண்டியது. இந்த முறை எல்லோரும் நடுவரையே பார்த்தார்கள். அவர் விரல் வலையைக் காட்டியது. கோல்!

எறிவதற்கு ஒருவரிடமும் கரடி இல்லை.

"பின்னாடியாவது வேலை செய்யுதே," என்று டோரீன் தன் கையுறையைக் கழற்றி வீசினாள். பிறகு குல்லாக்கள், மப்ளர்கள், யாருடையதோ காலுறை. டெஸ் ஒரு பூட்ஸைக் கழற்றினாள். வெளியே குளிர் மைனஸ் முப்பது என்று கேலா கத்துவதற்குள் அது பறந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் நடைபாதையில் குவித்த துணிமலையில் ஊரே ஜோடி தேடிக்கொண்டிருந்தது. லைல் தலை ஈரத்தோடு வந்தார்.

"ஏப்ரல்ல சீசன் முடியிற வரைக்கும் இங்கதான் கண்ணு. மேனேஜர் சொல்லிட்டார்."

"நிஜமாவாப்பா? எப்ப சொன்னார்?"

"இப்பதான். அந்தக் குவியல்ல அவரோட டையைத் தேடிக்கிட்டே."