பூதத்தின் அடுப்புக்கல்

பின்லாந்தின் அந்தக் கடலோர ஊரில், மேட்டுக் காட்டிலிருக்கும் கற்குவியலுக்குப் பூதத்தின் அடுப்பு என்று பெயர். பெயரைக் கேட்டே கிழவர் தோர்ஸ்திக்குப் புத்தி அங்கே போயிருக்க வேண்டும். வீட்டுச் சவுனாவில், அதுதான் நீராவிக் குளியலறையில், அடுப்பின்மேல் காயவைத்துத் தண்ணீர் ஊற்றப் புதுக் கல் வேண்டுமென்று அங்கிருந்தே வாளி வாளியாக அள்ளி வந்துவிட்டார். அது மூவாயிரம் வருடத்துக் கல்லறை, கை வைத்தால் வழக்கு என்று சிர்க்கு என்ற அருங்காட்சியகத்துப் பெண் வந்து சொன்னபோது, அந்தக் கற்கள் முதன்முறையாக அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தன.

"குவியல்ல ஒரு பக்கம் பள்ளமா இருக்கே, யார் கல்லை எடுத்தது?"

"நரி தோண்டியிருக்கும்," என்றார் தோர்ஸ்தி.

"எந்த ஊரு நரிங்கய்யா கல்லைச் சுமந்துக்கிட்டுப் போகுது?"

அவர் மனைவி ஹெல்லின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன குளிர்காலத்தில்தான் மனிதருக்கு நெஞ்சில் ஆபரேஷன். இந்த வயதில் போலீஸ், கோர்ட் என்று இழுத்தால் தாங்குவாரா? இந்தப் பெண் சீக்கிரம் கிளம்பித் தொலைந்தால் போதும் என்றிருந்தது. அந்நேரம் பார்த்து மனிதர் வாயைத் திறந்தார்.

"சவுனா சூடா இருக்கு. குளிச்சிட்டுப் போம்மா."

வந்தவரை அப்படிக் கேட்காமல் அனுப்பிப் பழக்கமில்லாத நாக்கு. கேட்டால் மறுக்கிற ஊருமில்லை அது.

"ஏ கிழவா, அறிவிருக்கா உனக்கு?" என்று காதோரம் சீறினாள் ஹெல்லின்.

"வாய் தவறி வந்துடுச்சுடி," என்றார், முகம் வெளுத்து.

பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். ஹெல்லின் மேல்பலகையில் உட்கார்ந்தாள். இந்த இருட்டில் கல் எங்கே தெரியப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். சிர்க்கு அகப்பையில் தண்ணீர் மொண்டாள்.

"எடுத்தவங்க அதை அடுப்புல மட்டும் போட்டுடக் கூடாதும்மா. சிதை நெருப்புல ஏற்கெனவே வெந்த கல்லு. காயவெச்சுத் தண்ணி ஊத்தினா வெடிச்சுச் சிதறும். கண்ணே போயிடும்."

சொல்லிக்கொண்டே அடுப்பின்மேல் குனிந்தாள். வாயைத் திறந்தால் கிழவர் மாட்டிக்கொள்வார். திறக்காவிட்டால் இந்தப் பெண்ணின் கண். ஹெல்லின் எழுந்தேவிட்டாள்.

"ஊத்தாதே! அது அந்தக் கல்லுதான்!"

அகப்பை தரையில் விழுந்தது. ஹெல்லின் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். சிர்க்கு துண்டைச் சுற்றிக்கொண்டாள். வாசற்படியில் தோர்ஸ்தி பீர் பாட்டில்களோடு, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சூடு போதுமா?"

"சொல்லிட்டேன்யா," என்றாள் ஹெல்லின்.

அவர் சிர்க்குவைப் பார்க்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிலுக்கா கூட்டிட்டுப் போவாங்க?"

சின்னப் பிள்ளை மாதிரி அவளைத்தான் கேட்டார்.