கல்யாணப் பாட்டுக்கு இரண்டு வெடி

திரையில் அப்டேட் நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றுவிட்டபோது ரொதாந்தி கம்ப்யூட்டரின் பிளக்கை இரண்டு கைகளாலும் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தாள். தளர்ந்துபோன பிளக் அது. பக்கத்தில் யாராவது பலமாகத் தும்மினாலே கழன்றுவிடும். மாடியில் தும்மலைவிடப் பெரிய சத்தங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் சிஃபிஸ் சாப்பாட்டு மேசைமேல் துப்பாக்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அத்தை அரெத்தி, இறந்துபோன தன் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹரிதிமோ, உன் மீசையில ரத்தம் காயறதுக்குள்ள
வர்தி வீட்டு வாசப்படியில ரத்தம் பாயணும்டா."

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. அந்த மலையில் அவளைவிட நன்றாக ஒப்பாரி சொல்ல ஆளில்லை. அவள் பாடிய வீடுகளில் பிணத்தின் எண்ணிக்கை ஒன்றோடு நின்றது அபூர்வம்.

அப்பாவை ரொதாந்திதான் முதலில் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கீழ்த்தளத்தில், ஒருகாலத்தில் பாலாடைக்கட்டி காயவைத்த அறையில், ஹரிதிமோஸ் மல்லாந்து கிடந்தார். மார்பில் ஒரு குண்டு. பக்கத்தில் அவருடைய துப்பாக்கி. நகரத்து ஆள் யாராவது அதைப் பார்த்திருந்தால், மனுஷன் தானே சுட்டுக்கொண்டான் என்று சொல்லியிருப்பான். ஊரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டார்கள்: பாவம், திருப்பிச் சுடப் பார்த்திருக்கிறார்.

ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு நேரே ஓடைப்பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வர்தியின் வீடு. வர்தியும் ஹரிதிமோஸும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். மணி கட்டிய ஒரு கிடா காணாமல் போனதிலிருந்து அப்படி. பேசமாட்டார்களே தவிர, பள்ளத்தின் இரு கரைகளிலும் நின்று தினமும் கத்திக்கொள்வார்கள். மழை நாளில் ஒருவர் சத்தம் கேட்காவிட்டால் மற்றவருக்குச் சாப்பாடு இறங்காது.

சிஃபிஸ் பால்கனியில் நின்று முறைப்படி கேட்டுவிட்டான்.

"வர்தி, எங்கப்பாவைச் சுட்டது நீயா?"

அந்தக் கரையில் ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு பதில் வந்தது.

"எதிர்ல வந்து கேளு."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. துப்பாக்கியோடு கேட்பவனிடம் இல்லை என்று சொன்னால் பயந்துவிட்டதாக அர்த்தம். பயந்தவனாக வாழ்வதைவிடக் கொலைகாரனாகச் சாகலாம் என்பது அந்த ஊர்க் கணக்கு. சிஃபிஸ் அவருடைய தண்ணீர்த் தொட்டியையும் டிவி டிஷ்ஷையும் சுட்டான். அவர் சிஃபிஸின் வண்டிச் சக்கரங்கள் நான்கையும் சுட்டார். எதற்கும் சம்பந்தமில்லாமல் வாசலில் நின்றிருந்த சித்தப்பா மகன் மனூசோஸின் காதுமடலில் கால்வாசி போயிற்று. அதன்பிறகு இரண்டு வீடுகளும் சாப்பாட்டுக்காகச் சற்று ஓய்ந்தன.

டாக்டர் வந்தார். போலீஸ் வரும்வரை உடலை நகர்த்தக் கூடாது என்றார். நகர்த்தி, துடைத்து, கறுப்புச் சட்டை போட்டு, மீசையைச் சீவிவிட்ட பிறகு எல்லோரும் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். போலீஸ் கீழேயுள்ள டவுனிலிருந்து வரவேண்டும். ஒன்றேகால் மணி நேரப் பாதை. சுட்டு முடித்த பிறகு வருவதுதான் அவர்களுக்கும் மரியாதை, ஊருக்கும் மரியாதை.

ரொதாந்தி மட்டும் மைக்கைப் பார்த்தாள்.

காலையில் அவள் மைக்கை அப்பாவின் நாற்காலிக்கு நேராக வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது அது சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அதன் தலையில் அப்பாவின் கம்பளிக் காலுறை ஒன்று மாட்டியிருந்தது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் ஒரு காலுறையைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போக முடியாது.

இரண்டு வாரமாக அந்த அறையில் கம்ப்யூட்டருக்குப் பிரசவம் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வயது ஆன பெட்டி. நான்கு நிமிடப் பாட்டைப் பதிவு செய்தால் அதன் தலை கொதிக்கும். ஹரிதிமோஸ் அதன்மேல் ஒருமுறை முட்டை பொரித்துச் சாப்பிட்டார், உப்பு மட்டும் குறைவு என்றார். சிஃபிஸின் மகளுக்கு மாதக் கடைசியில் கல்யாணம். அதற்குள் தாத்தாவான ஹரிதிமோஸ் லீரா என்ற தந்தி வாத்தியத்தை முழங்காலில் நிறுத்தி வாசித்துப் பாடிய கல்யாணப் பாட்டு தயாராக வேண்டும். ரொதாந்தி புது மெமரி வாங்கிப் போட்டாள், புது டிஸ்க் போட்டாள், நேற்றுப் புது சிஸ்டம் ஏற்றினாள். மைக்கையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் பழைய ஒலிப்பெட்டியைப் புது சிஸ்டத்துக்கு அறிமுகப்படுத்தவே அரை நாள் ஆயிற்று. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். விசைப்பலகையை யாரும் தொடாமல் இருந்தால் சிஸ்டம் தானாகவே அப்டேட் எடுத்துக்கொண்டு அணைந்து எழுந்திருக்கும். அந்த வழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம் என்றிருந்தாள்.

காலையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டுப் பதிவு செய்யும் புது நிரலோடு தொள்ளாயிரம் துப்பாக்கிச் சத்தங்கள் வந்திருந்தன. வெடிச்சத்தம் இல்லாத கல்யாணப் பாட்டை அங்கே யாரும் பாட்டு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள்.

"இது என்ன?"

"துப்பாக்கிப்பா."

"இது கதவு. அடுத்தது."

"இது?"

"பலகை மேல யாரோ குண்டான ஆளு உக்கார்றான். அடுத்தது."

நாற்பத்து மூன்றாவதில் அவர் கையைத் தூக்கினார்.

"இது துப்பாக்கிதான். ஆனா சுட்டவனுக்குச் சந்தோஷமில்ல. கல்யாணத்துக்கு ஆகாது."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"நான் சுடறேன். நீ பிடி."

"ரூமுக்குள்ளயா? மைக் செத்துடும்பா. வெளியே போகலாம்."

"வெளியே காத்து. வயரும் எட்டாது."

"வேண்டாம்னா வேண்டாம்."

ஹரிதிமோஸ் எழுபத்தொரு வருஷமாக யார் சொல்லையும் கேட்டதில்லை. ஆனால் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். "சரி விடு, பசிக்குது. அரெத்தி வீட்ல அடை சுட்டிருப்பா, வாங்கிட்டு வா" என்றார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது பதிவு செய்யும் பொத்தான் ஒன்றுதான். சிவப்பு.

அவர் அதை அழுத்தினாரா? அழுத்தியிருந்தால் எல்லாம் உள்ளே இருக்கும். அந்த நிரல் ஒலியை அவ்வப்போதே டிஸ்க்கில் எழுதிக்கொண்டு வரும். ஆனால் அவள் அலறி ஓடி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது திரை நீலமாகியிருந்தது. வேலை நடக்கிறது, தயவுசெய்து அணைக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. பாதியில் அணைந்தால் டிஸ்க்கில் என்ன மிஞ்சும் என்று சொல்ல முடியாது. அவளுடைய அண்ணன் இன்று மாலை ஒரு மனிதனைக் கொல்வானா மாட்டானா என்பது இப்போது அந்தத் தளர்ந்த பிளக்கில் இருந்தது.

நாற்பத்து நான்கு.

மனூசோஸ் படியிறங்கி வந்தான். தலையைச் சுற்றிச் சமையலறைத் துண்டு, கையில் இரட்டைக் குழல்.

"அக்கா, தள்ளு."

"எதுக்கு?"

"அண்ணன் உன்னை மேல கூப்பிடுது. நீ இந்தப் பெட்டிய விட்டு வரமாட்டேங்கறே. பெட்டி இல்லேன்னா வருவே இல்ல?"

"மனூசோ, உள்ள வராதே. சொல்றேன்."

"இது புதுசா மாறினதுலேர்ந்துதான் பெரியப்பாவுக்கு நேரம் சரியில்ல." அவன் குழலைத் திரைக்கு நேரே தூக்கினான். "சாமியார்கூடச் சொன்னாரு."

சாமியார் என்ன சொன்னார் என்று கேட்க நேரமில்லை. ரொதாந்தி பிளக்கை இடுப்பால் முட்டுக்கொடுத்தபடி மைக் தாங்கியை எடுத்தாள். அடிப்பக்கம் ஆறு கிலோ வார்ப்பிரும்பு. அவன் மூக்கில் போட்டாள். ஏதோ காய்ந்த குச்சி உடைந்ததுபோல் கேட்டது. துப்பாக்கி கூரையில் வெடித்தது. இரண்டு தலைமுறைப் புகைக்கரி அவர்கள்மேல் கொட்டியது. விளக்கு ஒருமுறை கண்ணடித்துவிட்டு நிலைத்தது.

திரையும் நிலைத்தது. நாற்பத்தைந்து.

மனூசோஸ் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது.

"மூக்கைப் பிடிக்காதே" என்றாள் அவள். "இதைப் பிடி."

"உடைஞ்சிடுச்சுக்கா."

"காதுக்குத் துணையா இருக்கட்டும். இதைப் பிடி. விட்டே, அடுத்தது பல்லு."

அவன் பிளக்கைப் பிடித்துக்கொண்டான். நல்ல பையன்தான், யார் கடைசியாக அடித்தார்களோ அவர்கள் பேச்சைக் கேட்பான்.

வெடிச்சத்தம் கேட்டுச் சிஃபிஸ் இறங்கி வந்தான். இடுப்பில் தோட்டாப் பட்டை. மூக்கையும் கூரையையும் பார்த்தான்.

"அண்ணே, அப்பா பாட்டுக்கு வெடி பதிவு பண்ணிருக்காரு. தானா பட்டுதுன்னு நினைக்கிறேன். இதுல இருக்கும்."

"அப்பாவுக்குச் சுடத் தெரியாதுங்கறியா?"

"அப்படிச் சொல்லலை."

"அறுபது வருஷம் சுட்டவரு தன்னையே சுட்டுக்கிட்டாருன்னு நான் ஊர்ல சொல்லணுமா?"

"அவன் சுடாம நீ அவனைச் சுட்டா, அப்புறம் உன் பொண்ணு கல்யாணத்தை யாரு நின்னு நடத்துவா? ஜெயில்லேர்ந்து வந்து நடத்துவியா?"

சிஃபிஸ் தோட்டா ஒன்றை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினான்.

"அத்தை பாட்டு முடியறவரைக்கும்" என்றான். "முடிஞ்சதும் போறேன்."

அவன் பின்னாலேயே அவளும் மாடிக்கு ஓடினாள். அத்தையின் காதருகில் குனிந்தாள்.

"அத்தை, கொஞ்சம் நீட்டிப் பாடு."

அத்தை பாட்டை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒரு மூச்சு இடைவெளியில் சாதாரணக் குரலில் சொன்னாள்: "பழி வரைக்கும் வந்தாச்சுடி. இதுக்கு மேல நீட்டணும்னா பிள்ளைப் பருவத்துக்குத்தான் போகணும்."

"போ அத்தை."

"போனா நான் அழுதுடுவேன்."

"அழு."

அத்தை அரெத்தி எழுபது வருஷமாக அடுத்தவர் வீட்டுப் பிணங்களுக்கு ஒப்பாரி வைத்தவள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, தொழிலுக்கு ஆகாது. இப்போது தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, அவன் நான்கு வயதில் ஆட்டுமடியில் நேரடியாக வாய்வைத்துக் குடித்ததைப் பாட ஆரம்பித்தாள். மேசையில் இருந்த ஆண்கள் துப்பாக்கி துடைப்பதை நிறுத்தினார்கள்.

ரொதாந்தி இறங்கியபோது எழுபத்தெட்டு. அத்தை தன் பாட்டில் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தொண்ணூறு. அவன் வாத்தியாரைக் கடித்தபோது நூறு.

திரை கறுத்தது. மனூசோஸ் மூச்சைப் பிடித்தான். ரொதாந்தி வெறும் கறுப்பில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரியும் ரத்தமும் பூசிய முகம். பிறகு வெளிச்சம் வந்தது.

நிரலைத் திறந்தாள். ஒலிப்பெட்டியைத் தெரியாது என்று புது சிஸ்டம் சாதித்தது. நேற்று அரை நாள் செய்த அறிமுகம் போய்விட்டது. ஆனால் கீழே ஒரு கேள்வி வந்து நின்றது. பெயரிடாத ஒரு பதிவு பாதியில் இருக்கிறது, மீட்கட்டுமா?

"அண்ணே" என்றாள். கத்தவில்லை. மாடியில் பாட்டு நின்றது.

எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஒலிப்பெட்டி இல்லாததால் திரைக்குள் இருந்த கொட்டைப்பாக்கு அளவு ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டியிருந்தது. சிஃபிஸ் காதைத் திரைமேல் வைத்துக்கொண்டான்.

கம்பளி உரசியது. மூச்சு வாங்கியது. பிறகு அப்பா.

"ஏய் பெட்டி, தூங்கறியா? கேளு. இது ஜன்னல் வழியா."

ஒரு வெடி. தூரத்தில் பள்ளம் அதைத் திருப்பிச் சொன்னது.

"சப்புனு இருக்கு. இது கதவுதான். பொறு."

எதையோ தரையில் இழுக்கும் சத்தம். கம்பளி மூட்டை என்று ரொதாந்திக்குத் தெரிந்தது. சுவரில் சாய்த்து வைக்கிறார். குண்டு போய்ச் சொருகிக்கொள்ள மெத்தென்று ஓர் இடம் பண்ணுகிறார். ஜாக்கிரதையான மனுஷர். மூட்டைக்குப் பின்னால் பழைய ரொட்டி அடுப்பின் இரும்புக் கதவு இருந்ததை மட்டும் மறந்துவிட்டார்.

"இது மாப்பிள்ளைக்கு" என்றார் அப்பா.

வெடி. அதோடு ஒட்டினாற்போல் இரும்பில் ணங்கென்று ஒரு சத்தம். அப்புறம் நாற்காலி விழுந்தது. அப்புறம் கனமான ஒன்று விழுந்தது.

ஸ்பீக்கர் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் வெகு தூரத்திலிருந்து ஒரு குரல்.

"ஹரிதிமோ! யாருக்குடா கல்யாணம்? எனக்குப் பத்திரிகை வரலையே!"

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி:

"வாயில என்ன, கொழுக்கட்டையா? திட்டவாவது செய்யேன்டா!"

பிறகு இன்னும் நீண்ட நேரம் விட்டு, சத்தம் தாழ்ந்து:

"ஹரிதிமோ?"

சிஃபிஸ் காதை எடுத்தான். இடுப்புப் பட்டையை அவிழ்க்கப் பார்த்தான். கொக்கி வரவில்லை. மனூசோஸ் ஒரு கையால் உதவி செய்தான். மறு கை பிளக்கிலேயே இருந்தது. அத்தை படியில் உட்கார்ந்து வாயை முந்தானைத் துணியால் பொத்திக்கொண்டாள். சிஃபிஸ் ஜன்னலுக்குப் போனான். அந்தக் கரையில் ஒரு துப்பாக்கிக் குழல் அவனைப் பார்த்தபடி கல்மேல் சாய்ந்திருந்தது. அவன் அதற்கு நேரே மார்பைக் காட்டி நின்றான்.

"வர்தி மாமா!"

பதினோரு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவரை மாமா என்று சொன்னதில்லை.

"என்ன?"

"நாளைக்குத் தூக்கறதுக்கு ஆள் போதாது. மூணு பேருதான் இருக்கோம்."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

குழல் கல்லைவிட்டு இறங்கியது.

ரொதாந்தி திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல் வெடியின் அலை ஒரு மேடு, இரண்டாவது அதைவிடப் பெரிய மேடு, பிறகு வர்தியின் மூன்று சின்ன மேடுகள், அப்புறம் நீண்ட சமவெளி. அதன் கோடியில் இன்னும் ஒரு கூட்டம் அலைகள் இருந்தன. முதலில் சின்னச் சின்னதாக, சீராக, யாரோ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கி வருவதுபோல. பிறகு திரையின் உயரம் முழுக்க, அவளுடைய அலறல்.

குறிக்கோடு அதை நோக்கி நகர்ந்து வந்தது. இரண்டு விரல் தூரம் இருக்கும்போது அவள் நிறுத்தினாள்.

"முடிஞ்சுதா?" என்றான் சிஃபிஸ், திரும்பாமல்.

"ம்" என்றாள்.