கரையும் திருகு

சித்தீக்கின் கணுக்காலில் போட்ட இரண்டு திருகுகளும் ஒரு வருடத்தில் தானாகக் கரைந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மக்னீசியம் கலந்த உலோகம். எடுப்பதற்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்து, குத்தாலம் சாலையில் பைக்கோடு விழுந்தவனுக்கு அது போதுமாயிருந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா போய்விடும்.

"எலும்பு கூடுற வரைக்கும்தான் அது தாங்கும். பன்னிரண்டு வாரம் கால் தரையில படக்கூடாது. கரையறப்ப காத்து உண்டாகி லேசா வீங்கும், பயப்படாதீங்க."

மனைவி தஹ்மீனா காலண்டரில் வாரங்களை அடித்துக்கொண்டே வந்தாள். ஏழாவது வாரத்தில், வயலில் நடவு நடந்துகொண்டிருந்தபோது, சித்தீக்கின் அத்தா கலந்தர் மவுத்தானார்.

குளிப்பாட்டி, கபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் கிடத்தியாயிற்று. தாய்மாமன் லியாகத் அலி முன்பக்கத்துக் கம்பைப் பிடித்தபடி, "நீ ஆட்டோவுல வாடா. ஒத்தக் கால்ல குதிச்சு அத்தாவக் கீழ போட்டுடாத," என்றார். யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

"அம்மா மவுத்தானப்ப கத்தார்லேருந்து நான் போன்லதான் பாத்தேன், மாமா. அன்னிக்கும் நீங்கதான் தூக்குனீங்க."

மாமா விலகி இடம்விட்டார்.

சித்தீக் வாசலில் நின்ற தஹ்மீனாவிடம் ஊன்றுகோல்களை நீட்டினான்.

"வேணாங்க."

"பத்தடிதான். புடி."

அவள் வாங்கிக்கொண்டாள். அவன் வாய்க்கால் மதகுவரை தோள் கொடுத்தான்.

மறுநாள் கால் வீங்கியது. டாக்டரம்மா சொன்ன காற்றுதான் என்று இருவரும் நினைத்தார்கள். பத்து நாள் கழித்துத்தான் தஞ்சாவூருக்குப் போனார்கள்.

எக்ஸ்ரேயில் இரண்டு திருகுகளும் நடுவில் உடைந்திருந்தன. எலும்பு விலகியிருந்தது.

"சும்மா கரைஞ்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது," என்றார் டாக்டரம்மா. "கரையாத திருகா இருந்தா ஒருவேளை அந்தப் பாரத்தைத் தாங்கியிருக்கும். கரையறப்பவே பாரமும் ஏறுனா உள்ளுக்குள்ள விரிசல் விட்டுடும். இனி ஸ்டீல் பிளேட்தான். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

சித்தீக் விரல்விட்டு மாதங்களை எண்ணினான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"உடைஞ்ச துண்டு?"

"எடுக்க முடிஞ்சத எடுப்போம். மிச்சம் கரைஞ்சிடும்."

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு ரயிலேறினார்கள். கும்பகோணம் தாண்டியது. வெளியே நட்ட பயிர் பச்சை பிடித்திருந்தது.

"பத்தடிதானே தூக்குனேன்," என்றான்.

மதகு வீட்டிலிருந்து நாற்பதடிக்கு மேல். ஒவ்வோர் அடியையும் அவள் வாசலில் நின்று பார்த்திருந்தாள்.

"ஆமாங்க. பத்துதான்."

ஊன்றுகோல்கள் அவள் மடியில் கிடந்தன. அன்றைக்கு நான் வாங்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அத்தா கனமே இல்ல, தஹ்மீனா," என்றான் அவன், ஜன்னலைப் பார்த்தபடி.

குத்தாலத்தில் வண்டி நின்றது. அவன் கை நீட்டினான். அவள் ஊன்றுகோல்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.