இருபத்தைந்து காட்டிய கார்

திருமழபாடி வைத்தியநாத சுவாமி சாட்சியாக, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்று நிரூபிப்பவருக்கு, சொன்ன நாக்கை அறுத்துக் கொள்ளிடத்து மணலில் புதைக்கத் தயார்.

பெரம்பலூர் அரங்கநாதனுக்கு ஹைப்ரிட் கார் வாங்கிய நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடும் என்று ஷோரூமில் சொன்னதை, அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் பரப்பிவிட்டிருந்தார். காரின் சின்னத் திரையோ நான்கு என்று காட்டியது. மனைவி பூங்குழலியின் தம்பி பிரேம்குமார் அதை எட்டிப் பார்த்துவிட்டான்.

“ஏன் மாமா, ரோடு ரோலர் இதவிட நல்லா குடுக்குமே!”

“புது வண்டிடா. போகப் போக ஏறும்.”

“சரி, ஞாயித்துக்கெழம திருமழபாடி போறோம்ல. கோபுர வாசல்ல இருவத்தஞ்சு காட்டலன்னா சாவி எங்கிட்ட. நீங்க பஸ்ஸுல வூட்டுக்குப் போங்க. காட்டிடுச்சுன்னா மீசைய எடுத்துடறேன்.”

ஞாயிறு காலை கிளம்பும்போதே அரங்கநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கனம் குறையட்டும் என்று எல்லாருடைய செருப்பையும் வீட்டிலேயே விடச் சொன்னார். ஏசி கிடையாது. ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்தார். சைக்கிளில் பால் கேனோடு போனவர் மணியடித்து முந்திப் போனார். திரையில் நான்கு, மூன்றாகிவிட்டது.

“கொறையுதுடி!” என்று அலறினார்.

பூங்குழலிக்கு வியர்வையில் பொட்டு கரைந்து மூக்குக்கு வந்திருந்தது. “ஒங்க நம்பர்ல இடி விழ” என்று ஏசியை முழுசாகத் திருகினாள். திரையில் ஐந்து.

அரங்கநாதனின் கண் விரிந்தது. ஓங்கி மிதித்தார். ஏழு!

இது பாரம் கேட்கிற வண்டி என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. அரியலூரில் நிறுத்தி, டிக்கி கொள்ளுமட்டும் சிமெண்டு மூட்டை ஏற்றினார். பதினொன்று. கீழப்பழுவூரில் பஸ்ஸுக்கு நின்ற நாதஸ்வரக் கோஷ்டியை வலியக் கூப்பிட்டு, தவில்காரரைக் கூரைமேல் உட்கார வைத்தார். பதினேழு. திருமானூர் தாண்டி, பழுதாகி நின்ற கரும்பு டிராக்டரைக் கயிறு கட்டிப் பின்னால் இழுத்தார். இருபத்து நான்கு.

“ஏங்க, பெட்ரோல் முள்ளு படுத்துடுச்சு.”

“அது படுக்கட்டும்டி. நம்பரு எந்திரிக்குதுல்ல!”

பிரேம்குமார் மீசையைத் தடவிப் பார்த்தான். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. “மாமா, பாவம், வண்டிக்கு ரொம்பக் கனம். நான் எறங்கி நடந்து வரேன்” என்று கதவைத் திறந்து குதித்தே விட்டான். திரை இருபத்து மூன்றுக்கு இறங்கியது.

“புடிங்கய்யா அவன!”

தவில்காரர் கூரையிலிருந்து குனிந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேலே தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இருபத்து நான்கு. கோபுரத்துக்கு இன்னும் பத்தடி. ஒன்றே ஒன்று வேண்டும். பூங்குழலி, சனியன் தொலையட்டும் என்று ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்தாள். கார் முக்கியது, முனகியது, இருபத்தைந்து காட்டியது. சரியாகக் கோபுர வாசலில், கடைசிச் சொட்டும் தீர்ந்து நின்றது.

மேலே தவில்காரர் கொட்டி முழக்கினார். பிரேம்குமார் சலூனுக்குப் போய் மொழுமொழுவென்று திரும்பி வந்து, காரைப் பெட்ரோல் பங்குக்குத் தள்ளினான். சாவியை விரலில் சுழற்றியபடி பக்கத்தில் நடந்த அரங்கநாதன், எதிரில் வந்தவர்களிடமெல்லாம், ஹைப்ரிட் வாங்கினால் சிமெண்டு மூட்டை இல்லாமல் ரோட்டில் இறங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்தத் திரை காட்டுவது, நூறு கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் பெட்ரோல் செலவாகிறது என்பதை.